3.5 சி.சி.யின் தீர்ப்பு

வானொலி அலைகளால் தொலைவிலிருந்து இயக்கப்படும் சிறுகார்களை விளையாட்டுப் பொருள்களின் வரிசையில் வைத்தே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். உண்மையான காரில் எட்டில் ஒரு பங்கு அளவே கொண்ட பந்தயக் கார் ஒன்றின் மேற்கூட்டைக் கழற்றிப் பார்த்தால் அவ்வெண்ணம் மாறிவிடும். உள்ளே இருப்பது உண்மையான எஞ்சின். சிலிண்டரின் விட்டம் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர்; நம் சுட்டுவிரலின் பருமனே இருக்கும். மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த எரிபொருளைக் குடித்து, நிமிடத்திற்கு 30,000 சுற்றுகளையும் கடந்து அது சுழல்கிறது. உலகப் போட்டிகளில் இவ்வகுப்பு எஞ்சினின் கொள்ளளவுக்கு விதிக்கப்பட்டுள்ள வரம்பு 3.5 சி.சி. இந்த ஓர் எண்ணைப் பற்றியதே இக்கட்டுரை.

அந்தக் களத்தில் ஓடும் எஞ்சின்கள் இரண்டு வீச்சு எஞ்சின்கள். பட்டறை வழக்கில் 'டூ ஸ்ட்ரோக்'. மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் தலையாய வகுப்பில் 2002ஆம் ஆண்டிலேயே நான்கு வீச்சு எஞ்சின் அரியணை ஏறிவிட்டது. சாலைகளிலும் அதற்கே முதலிடம். சிறுகார்ப் பந்தயத்தில் மட்டும் அது ஏன் வெல்லவில்லை? அதை உருவாக்க முயன்றோர் திறமையற்றவர்களா? விடை காண நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பிஸ்டன் சிலிண்டரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் செல்வது ஒரு வீச்சு. 1876இல் ஜெர்மனியின் நிக்கோலஸ் ஓட்டோ வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினில் உறிஞ்சல், அழுத்தம், எரிதல், வெளியேற்றம் என நான்கு வேலைகளுக்கும் தனித்தனி வீச்சுகள் உண்டு. ஆகவே இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே அது வெடித்து ஆற்றல் தரும். இங்கிலாந்தின் ஜோசப் டே 1891இல் காப்புரிமை பெற்ற இரண்டு வீச்சு எஞ்சினோ பிஸ்டனுக்குக் கீழுள்ள அறையையே காற்றழுத்தியாகப் பயன்படுத்திக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடித்தது. பின்னர்ச் செப்பனிடப்பட்ட வடிவில் அதற்கு வால்வும் வேண்டா, வில்சுருளும் வேண்டா. சிலிண்டர்ச் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டனே மூடும், பிஸ்டனே திறக்கும்.

மிகச் சிறிய எஞ்சின் செய்வோருக்கு இந்த எளிமை ஒரு வரம். 1947இல் அமெரிக்கரான ரே ஆர்டன் ஒளிர்செருகியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிளாட்டினம் கலந்த நுண்கம்பிச் சுருள் மெத்தனாலோடு வினைபுரிந்து தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். மின்கலமும் மின்பொறிச் சுருளும் சுமக்கத் தேவையில்லை. அதன்பின் மாதிரி விமானங்களிலும் கார்களிலும் இரண்டு வீச்சின் ஆட்சி ஏறக்குறைய முழுமையானது.

அந்த ஆட்சியை முதலில் வலுவாக அசைத்தது ஜப்பானின் ஒசாகா நகரம். அங்கே 1936இல் ஷிகெயோ ஒகாவா தொடங்கிய ஓ.எஸ். நிறுவனம், 1976இல் எஃப்.எஸ்-60 என்ற மாதிரி விமான எஞ்சினை வெளியிட்டது. ஏறத்தாழ 10 சி.சி. கொண்ட அந்த நான்கு வீச்சு எஞ்சின், தனி ஆர்வலர்கள் கடைசல் எந்திரத்தில் ஒன்றிரண்டாகச் செய்துவந்த பொருளைத் தொழிற்சாலைப் பொருளாக்கியது. ஓட்டோவின் வெற்றிக்குச் சரியாக நூறாண்டுகளுக்குப் பின் அது நிகழ்ந்தது.

ஆனால் ஒரு சிக்கல் எஞ்சியது. ஒரே கொள்ளளவில் புதிய எஞ்சினின் ஆற்றல் பழையதை எட்டவில்லை. சுற்றுக்கு ஒருமுறை வெடிப்பதை இரு சுற்றுக்கு ஒருமுறை வெடிப்பது எங்ஙனம் எட்டும்? சுழற்சியைக் கூட்டுவது ஒரு வழி. ஆனால் சுழற்சி இரட்டித்தால் வால்வுகளை அலைக்கழிக்கும் விசை நான்கு மடங்காகும். குறித்த எல்லைக்கு மேல் வில்சுருள் வால்வை உரிய நேரத்தில் மூட இயலாமல் தோற்கும். ஒளிர்செருகியும் இரு சுற்றுக்கு ஒருமுறையே சூடு பெறுவதால் குளிர்ந்துவிட முனையும். அதற்கெனச் சூடு தாங்கும் தனிவகைச் செருகி வேண்டியிருந்தது.

விமானப் போட்டியாளர்கள் இதற்குக் கண்ட தீர்வு பட்டறையில் பிறந்ததன்று; விதிநூலில் பிறந்தது. வான்சாகசப் பிரிவில் இரண்டு வீச்சு எஞ்சினுக்கு 10 சி.சி. வரம்பு இருந்த காலத்தில் நான்கு வீச்சுக்கு 20 சி.சி. வரை இடமளிக்கப்பட்டது. 1980களில் களத்தின் தோற்றமே மாறியது. பெரிய சுழல்விசிறியை மெதுவாகச் சுழற்றும் அமைதியான நான்கு வீச்சு எஞ்சின்கள் முன்னணிக்கு வந்தன. ஜப்பானின் வை.எஸ். நிறுவனம் ஒரு படி மேலே சென்றது. இரண்டு வீச்சின் உத்தியான பிஸ்டனுக்குக் கீழுள்ள காற்றழுத்த அறையைக் கடன்வாங்கி, நான்கு வீச்சு எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்தது.

இதே நாடகம் பெரிய மேடையிலும் நடந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சிறுகாரின் கதை விளங்கும். 1960களில் ஹோண்டா நிறுவனம் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் நான்கு வீச்சையே பற்றி நின்றது. சிலிண்டரைச் சிறிதாக்கி எண்ணிக்கையைப் பெருக்குவது அதன் வழி. 50 சி.சி. வண்டிக்கே இரண்டு சிலிண்டர்கள். 20,000 சுற்றுகளைத் தாண்டும் வேகம். 1965இல் ரால்ஃப் பிரையன்ஸ் அவ்வகை வண்டியில் உலகப் பட்டம் வென்றார்.

எதிர்முகாமில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனப் பொறியாளர் வால்டர் காடன், புகைபோக்கிக் குழாயின் வடிவத்தைக் கொண்டே ஆற்றலைப் பெருக்கும் கலையைச் செப்பனிட்டிருந்தார். குழாயில் எழும் அழுத்த அலை, வெளியே நழுவும் புதுக்கலவையைத் திரும்ப உள்ளே தள்ளும். 1961இல் அந்நிறுவனத்தின் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டைவிட்டு வெளியேறிச் சுசூகியில் சேர்ந்தபோது அந்த அறிவும் உடன் சென்றது. மறு ஆண்டே சுசூகி வண்டியில் அவர் 50 சி.சி. பட்டம் வென்றார். இன்றைய சிறுகாரின் பின்புறம் துருத்தி நிற்கும் பருத்த குழாய் அந்தக் கலையின் நேர் வாரிசு.

பின்னர் விதிகள் சிலிண்டர்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தின. 500 சி.சி. வகுப்பில் நான்குக்கு மேல் கூடாது. 1979இல் ஹோண்டா அவ்விதியோடு மல்லுக்கட்டியது. எட்டு சிலிண்டர்களை நான்காகக் காட்டுவது போல நீள்வட்டப் பிஸ்டன்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு இணைப்புத் தண்டுகள், எட்டு வால்வுகள். ஆக மொத்தம் 32 வால்வுகள். என்.ஆர்.500 என்ற அந்த வண்டிகள் இரண்டு, சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் இறங்கின. இரண்டுமே முடிவுக்கோட்டைக் காணவில்லை. உலகப் போட்டியில் அவ்வண்டி ஒரு புள்ளி கூடப் பெறாமலே ஒதுங்கியது. 1982இல் ஹோண்டாவே இரண்டு வீச்சுக்கு மாறியது. 1983இல் ஃப்ரெடி ஸ்பென்சர் அதில் பட்டம் வென்றார்.

ஆனால் 2002இல் விதி மாறியது. இரண்டு வீச்சுக்கு 500 சி.சி., நான்கு வீச்சுக்கு 990 சி.சி. அந்த ஆண்டே வாலன்டினோ ரோஸி ஹோண்டாவின் நான்கு வீச்சு வண்டியில் உலகப் பட்டம் வென்றார். இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் மேதைமையால் கிட்டாத வெற்றி, ஓர் எண்ணை மாற்றியதும் கிட்டியது.

இனிச் சிறுகாருக்குத் திரும்புவோம். ஓ.எஸ். நிறுவனம் கார்களுக்கென்றே எஃப்.எஸ்-26எஸ்-சி என்ற நான்கு வீச்சு எஞ்சினைச் செய்தது. குறைந்த சுழற்சியிலும் நல்ல இழுவிசை, குறைவான எரிபொருள் செலவு, பெரிய காரை நினைவூட்டும் கனத்த ஒலி என ஆர்வலர்கள் விரும்பும் குணங்கள் அதற்கு இருந்தன. ஆனால் அதன் கொள்ளளவு 4 சி.சி.யைத் தாண்டியது. 3.5 சி.சி. என்று எழுதிய வாயிலில் அது நுழையவே இயலாது. பிற்காலத்தில் சீனாவின் டோயான் நிறுவனம் 3.5 சி.சி. அளவிலேயே கார்களுக்கான நான்கு வீச்சு எஞ்சின் ஒன்றை விற்றது. வாயிலில் நுழையும் அளவுதான். ஆயினும் ஒரே அளவில் மோதினால் ஓட்டோவின் கணக்கு குறுக்கே நிற்கிறது. வால்வும் நெம்புகோல்களும் தலைக்குமேல் ஏறுவதால் எஞ்சின் உயர்ந்து எடையும் கூடும். வளைவில் திரும்பும் சிறுகாருக்கு அது தீங்கு. மெதுவாகச் சுழலும் பெரிய விசிறி விமானத்தில் அளித்த சலுகையும் காரில் இல்லை; பல்சக்கரங்களைக் கொண்டு எத்தனை வேகமான சுழற்சியையும் சக்கரத்திற்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளலாம்.

எனவே நான்கு வீச்சின் தோல்விக்கு அதன் குறைபாடு மட்டுமே காரணம் என்று நாம் கூற இயலாது. துலாக்கோலின் ஒரு தட்டில் சிலிண்டரின் கொள்ளளவை வைத்து, மறு தட்டில் வேகத்தை வைத்தால், முள் எப்பக்கம் சாயும் என்பது முன்பே முடிவான செய்தி.

துலாக்கோலை வேறு வகையாகவும் அமைக்கலாம். எட்டில் ஒரு பங்கு கார்களின் எரிபொருள் கலத்துக்கும் 125 மில்லிலிட்டர் என வரம்புண்டு. கரடுமுரடான தடத்தில் ஓடும் பிரிவின் உலக இறுதிப் போட்டி ஒரு மணி நேரம் நீள்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை கார்கள் எரிபொருளுக்காக ஒதுங்கியாக வேண்டும். கலத்தின் அளவை மட்டும் வரையறுக்காமல் பந்தயம் முழுமைக்குமான எரிபொருளையே அளந்து கொடுத்திருந்தால்? இது வெறுங்கற்பனையன்று. ஃபார்முலா 1 பந்தயத்தில் 2014இல் ஒரு பந்தயத்திற்கு 100 கிலோகிராம் எரிபொருள் என வரம்பு கட்டினார்கள். பொறியாளர்களின் கவனம் உடனே சிக்கனத்தின் பக்கம் திரும்பியது. இரைச்சலும் அவ்வாறே. ஐரோப்பியச் சிறுகார் விதிகள் காற்றுறிஞ்சும் வாய்க்கு ஒலித்தணிப்புப் பெட்டியைக் கட்டாயமாக்கின. ஆனால் எஞ்சின் வகையைத் தொடவில்லை.

இலக்கியம் பயின்ற நமக்கு இது புதிதன்று. வெண்பாவுக்கு வகுத்த தளையைக் கொண்டு ஆசிரியப்பாவை அளந்தால் அது பிழையாகவே தோன்றும். பிழை பாவிலா, அளவையிலா என்று கேட்கக் கற்றிருக்கிறோம். பொறியியல் வரலாற்றை வாசிக்கும்போதும் அவ்வினாவை நாம் மறத்தலாகாது. இது சிறந்தது, அது தோற்றது என்று நூல்கள் எளிதில் எழுதிவிடுகின்றன. எதைக்கொண்டு அளந்தார்கள், அந்தக் கோலை வகுத்தவர் யார் என்பவை அடிக்குறிப்பிலும் இடம்பெறுவதில்லை.

இன்று சிறுகார்ப் பந்தயத்தின் பல வகுப்புகளில் லித்தியம் மின்கலமும் மின்மோட்டாரும் வந்துவிட்டன. சிலிண்டரே இல்லாத அவற்றுக்கு சி.சி. கணக்கு பொருந்தாது, மின்னழுத்தம், மோட்டாரின் சுற்று என வேறு அளவைகள் வகுக்கப்பட்டுள்ளன. புதிய கோல், புதிய வெற்றியாளர்கள். 3.5 சி.சி. வகுப்பு மட்டும் தன் பழைய கோலோடும் பழைய வெற்றியாளனோடும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.