முதலெழுத்தும் பாட்டு நினைவும்

பாட்டுக்குப் பாட்டு என்னுந் தொடர் ஈழநாட்டில் இருவேறு நிகழ்ச்சிகளைக் குறிக்கத் தகும். கிழக்குக் கரையிலே சாகாமக் குளத்து நீர் பாயும் வட்டைகளிலும், அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை முதலிய ஊரவரின் வயல்வாடிகளிலும் ஒருவர் பாடிய கவிக்கு மற்றொருவர் விடைக்கவி பாடுதல் ஒன்று. இலங்கை வானொலியிலே பி. எச். அப்துல் ஹமீத் நடத்திப் புகழ்பெறுவித்துப் பின்னர் தமிழகத்துச் சன் தொலைக்காட்சிக்கும் கொண்டு சென்ற போட்டி மற்றொன்று. முன்னதில் பாட்டைத் தெரிவது பொருள். பின்னதில் தெரிவது எழுத்து. கொடுக்கப்பட்ட ஓர் எழுத்தை முதலாகவுடைய திரைப்பாடலை நினைவிலிருந்து உடனே எடுத்துப் பாடல் வேண்டும் என்பதே அப்போட்டியின் விதி. இவ்விதி புதிதன்று, அதன் வேர் தமிழ் யாப்பிலும் பாடங்கேட்டல் முறையிலும் நெடுந்தூரம் ஓடியுள்ளது.

வட இந்தியரின் அந்தாட்சரி இதனோடு ஒத்தது. 1993 முதல் சீ தொலைக்காட்சி வழியாக அது பெரும் பரப்பெய்தியது. அதன்கண் ஒரு பாடல் எவ்வெழுத்தில் முடிகின்றதோ அவ்வெழுத்தே அடுத்த பாடலுக்கு முதலாகும். தமிழில் இவ்விதியை அப்படியே கைக்கொண்டால் ஆட்டம் சில பாட்டுக்களுக்குள் நின்றுவிடும். மொழிக்கு முதலாகும் எழுத்துக்கள் தொல்காப்பிய நெறிப்படி 94. நன்னூல் நெறிப்படி 103. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டும் இரு நூல்களின்படியும் மொழிமுதலாகா. ஆனால் தமிழ்ச் சொற்கள் பெரிதும் முடிவதோ ன், ள், ர், ல் போன்ற மெய்களிலேயாம். முடியும் எழுத்து வேறு, தொடங்கும் எழுத்து வேறு என்னும் இம்மொழியில், எழுத்தை முன்பாட்டின் ஈற்றுக்கு விடாது நடுவர் ஒருவர் கையில் ஒப்படைத்தல் பொருத்தமான ஏற்பாடே. ராஜா, ராதா, ரோஜா என்னும் வடசொற்களும் பிறசொற்களும் திரைப்பாடலிற் புகுந்தமையாற்றான் ரகரம் கொடுக்கப்பட்ட போட்டியாளர் பிழைத்தார் எனல் மிகையாகாது.

இவ்விடர் பிற நாட்டார்க்கும் உண்டு. யப்பானியர் ஆடும் சிரித்தோரி என்னும் சொற்றொடர் விளையாட்டில் னகர மெய்யொலியில் முடியும் சொல்லைக் கூறியவர் தோற்றவராவர். அவ்வொலியில் அம்மொழிச் சொல் தொடங்காமையே காரணம். கேரளத்து அட்சரசுலோக அவையினர் ஈற்றெழுத்தை விட்டு, முன்னவர் ஓதிய சுலோகத்தின் மூன்றாமடி முதலெழுத்தை அடுத்தவர்க்கு முதலாக வைத்தனர். ஒருசாரார் இடரையே தோல்வியாக்கினர். மற்றொருசாரார் இடரைச் சுற்றிச் சென்றனர்.

தமிழ்ப் புலவர் கண்ட வழி நுட்பமானது. அந்தாதித் தொடையை எழுத்தளவில் நிறுத்தாது, அசை, சீர், அடி என்பவற்றுக்கும் விரித்தனர் என்பது யாப்பருங்கலக்காரிகையால் அறியப்படும். னகரத்தில் முடிந்த செய்யுளுக்கு அடுத்து னகரத்தில் தொடங்கும் செய்யுள் இல்லை. ஆனால் ஈற்றுச் சொல் முழுவதையும் அடுத்த செய்யுளின் முதலிலே வைக்கத் தடையாதுமில்லை. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து இவ்வாறு தொடுக்கப்பட்டது. காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதியும், முதலாழ்வார் மூவரின் திருவந்தாதிகளும் இத்தொடையை நூல் முழுமைக்கும் உரிய யாப்பாக்கின. நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1102 பாசுரங்களும் ஒரே தொடராக ஓடுவன.

இத்தொடையை அழகு கருதி மட்டும் கையாண்டனர் என்று கொள்வது பொருந்தாது. ஓலையிலும் நாவிலும் வாழ்ந்த நூலுக்கு அது காவல். இடையில் ஒரு செய்யுள் விடுபட்டால் முன்னதன் ஈறும் பின்னதன் முதலும் ஒட்டாமல் நிற்கும். குறை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். நாதமுனிகள் குடந்தைப் பெருமான்மேலான ஒரு திருப்பதிகத்தை மட்டும் கேட்டு, அதன் இறுதிப் பாசுரம் ஆயிரத்துள் இப்பத்து எனச் சுட்டுதலால், எஞ்சியவற்றைத் தேடிப் புறப்பட்டார் என்பது வைணவ மரபு. தொகை கூறும் முத்திரைப் பாவும் அந்தாதித் தொடரும் ஒன்றுக்கொன்று துணையான காவல்கள். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இன்று இல்லை. இத்தகைய காவல்களுங்கூடக் கைவிட்ட ஏட்டைக் காக்கவல்லன அல்ல என்பதும் உடன் கூறற்பாலது.

பள்ளிச் சிறுவர்க்கு இதே நெறி வேறு வடிவில் வந்தது. ஆத்திசூடியில் ஒளவையார் நெடுங்கணக்கின் வரிசைப்படியே அடிகளை அடுக்கினார். மேற்கூறிய மொழிமுதலாகா எட்டெழுத்துக்களின் முறை வந்தபொழுது அவர் செய்தது காண்க: அவ்வெழுத்தை அடியின் இரண்டாம் இடத்தில் நிறுத்தி, அதன்முன் அகரத்தையோ இகரத்தையோ வைத்தார். இலக்கணம் வழுவவில்லை, எழுத்தும் விடுபடவில்லை. திண்ணைப் பள்ளியிலே மணலில் எழுதிய பிள்ளைக்கு அடுத்த எழுத்தே அடுத்த அடியை எடுத்துக்கொடுத்தது. பாட்டுப் போட்டியில் ளகரத்தில் அகப்பட்டு விழிப்பவர் எவரும் இம்முறையைக் கைக்கொள்ளாதது வியப்பே.

யாப்பருங்கலக்காரிகையில் முதல்நினைப்பு என்றொரு பகுதி உண்டு. நூலிலுள்ள காரிகைகளின் முதற்சொற்களையும், உதாரணச் செய்யுட்களின் முதற்சொற்களையும் கோத்து அமைத்த செய்யுட்கள் அவை. அவற்றைத் தனியே படித்தால் பொருள் விளங்காது. நூலை முன்னரே மனனஞ் செய்தவனுக்கு மட்டுமே அவை பயன்படும். ஒவ்வொரு முதற்சொல்லும் ஒரு செய்யுளை உள்ளிருந்து இழுத்துவரும். அச்சுக்காலத்தில் அவ்விடத்தைப் பாட்டு முதற்குறிப்பகராதி பிடித்தது. உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் பழந்தமிழ் நூல்களின் ஈற்றில் அதனைச் சேர்த்தனர். இரண்டும் முதற்சொல்லைக் கொண்டே தேடச் செய்கின்றன. எனினும் முன்னது திறக்கும் பேழை உள்ளம், பின்னது திறக்கும் பேழை ஏடு. வானொலிப் போட்டி முதல்நினைப்பின் வழிவந்தது. போட்டியாளர் கையில் அகராதி இல்லை.

கரோக்கே அகராதியின் வழிவந்தது. வெற்று வாத்தியக்குழு எனப் பொருள்படும் பெயருடைய இப்பொறியை 1971-இல் யப்பானின் கோபே நகரில் இனோவே தைசுக்கே அமைத்தார். குரல் நீங்கிய இசையைப் பொறி வழங்கும். பாடுபவர் குரலை இட்டு நிரப்புவர். தொடக்கத்தில் பாட்டுவரிகள் தாளில் இருந்தன. பின்னர் திரையிலே ஓடின. பாட்டை முதலெழுத்தால் தேர்ந்து தொடர் விளையாட்டாக ஆடுவார் அங்கும் உளர். ஆயினும் முதலடி நினைவுக்கு வந்தாற் போதும். எஞ்சியதைத் திரை சொல்லும். இரண்டாம் சரணத்திலே தடுமாறி, தாளத்தை மட்டும் விடாமற் பிடித்து, மறந்த சொல்லுக்கு ஈடான சொல்லொன்றைத் தாமே இட்டுச் செல்லும் பழைய பாடகருக்கு அங்கு வேலையில்லை. பிழையின்மை மிகுந்தது, பாடபேதம் ஒழிந்தது. நாட்டுப்பாடல் வளர்ந்தது பாடபேதத்தினாலேயே என்பதை நினைத்தால், இவ்விலாபத்துக்குச் செலுத்திய விலை புலப்படும்.

இதனைக் கிழக்குக் கரையின் கவிகளோடு வைத்து நோக்குதல் தகும். நான்கடியால் அமைந்த இக்கவிகள் முஸ்லிம்களிடையும் தமிழரிடையும் வழங்குவன. காவற்பரணில் இரவு விழித்திருப்போரும், வண்டியோட்டுவோரும், சூடு மிதிக்குங் களவெட்டியில் நிற்போரும் பாடியவை. பெண்டிர் வாய்மொழியாகவும் பல. மச்சான், மச்சி என்னும் விளிகள் இவற்றில் மலிந்துள்ளன. எழுத்து விதியை இங்கே புகுத்தினால் மகரத்தின் சுமை தாங்கவொண்ணாது. பாடியவன் எவ்வெழுத்தில் முடித்தான் என்று கேட்டவள் பார்த்திலள்; என்ன கேட்டான் என்றே பார்த்தாள். கேள்விக்கு ஏற்ற கவி நினைவில் இருந்தால் எடுத்தாள். இல்லையேல் இருந்த ஒன்றின் ஈரடியை மாற்றிக்கொண்டாள்.

வி. சீ. கந்தையா 1964-இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம் போன்ற நூல்களால் இப்பாடல்கள் அச்சேறின. அச்சேறிய பாடலைத் தேடுதற்கு முதற்குறிப்பு வேண்டும் என்பது மறுக்கொணாதது. இல்லையேல் ஒரே கவி மூன்று ஊர்களில் மூன்று வடிவில் வழங்குவதை எவரும் ஒப்புநோக்க இயலாது. ஆனால் நூலின் உடலையே அகரவரிசையில் அடுக்குவது வேறு செயல். அவ்வாறு அடுக்கினால் ஆண் பாடிய கேள்வி ககரத்தில் நிற்கும். பெண் பாடிய மறுமொழி மகரத்தில் நிற்கும். இடையே நாற்பது பக்கம். படிப்பவருக்கு இரண்டும் தனித்தனிப் பாடல்களாகவே தோன்றும். தொகுப்பாளர் பாடல் நிகழ்ந்த வரிசையிலேயே கவியையும் விடையையும் அடுத்தடுத்து அச்சிட்டு, யார் யாருக்கு விடையாகப் பாடியது என்னுங் குறிப்பையும் உடன்வைத்து, முதற்குறிப்பை நூலின் ஈற்றுக்கு ஒதுக்குதல் வேண்டும். பரணிலே பாடியவர் மூத்துவிட்டனர். எந்தக் கவிக்கு எது விடை என்பதை அவர்களிடமன்றி வேறெவரிடமும் கேட்டறிய இயலாது.