சிற்றிலும் சிறுதேரும்: செந்தூல் பிள்ளைகளின் ஆடுகளங்கள்

பிள்ளைத்தமிழ் என்றொரு சிற்றிலக்கிய வகை உண்டென்பதை இவ்வவையோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இயற்றிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் தொடங்கி, குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் வழியாக, நம் காலம் வரை அவ்வகை நூல்கள் தோன்றிய வண்ணம் உள்ளன. பக்தி நூலென்றும் புகழ்நூலென்றும் அவற்றைக் கற்றிருக்கிறோம். குழந்தையின் உடல் எந்தத் திங்களில் எதனைச் செய்யவல்லது, எதனை விரும்புவது என்பதற்கான குறிப்பேடாக அவற்றை வாசித்தவர் குறைவு. இவ்வுரை அவ்வாசிப்பிலிருந்து தொடங்கிச் செந்தூலின் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே உள்ள சறுக்குமரம் வரை செல்லும். தொலைவு பெரிதாகத் தோன்றலாம், பொருள் ஒன்றே.

ஐந்தாம் திங்களில் குழந்தை ஒரு காலை மடக்கி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து அசைவது செங்கீரை. ஒன்பதாம் திங்களில் அமர்ந்து கைகொட்டுவது சப்பாணி. ஓராண்டையொட்டித் தளர்நடை நடந்து வருவது வருகை. திங்கட்கணக்கில் பாட்டியல் நூல்களிடையே வேறுபாடு உண்டு. வரிசையில் பெரும்பாலும் இல்லை. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். தவழ்தற்குரிய தரை, நடத்தற்குரிய முற்றம், மணல், ஒலியெழுப்பும் கருவி, உருட்டும் வண்டி, ஊஞ்சல் என இப்பருவங்களை நிரல்படுத்திப் பார்த்தால், இன்றைய திடல் வடிவமைப்பாளர் கையில் வைத்திருக்கும் பட்டியலுக்கு அது பெரிதும் மாறுபட்டதன்று.

இவற்றுள் சிற்றில் பருவம் நம் பொருளுக்கு மிக நெருங்கியது. சிறுமியர் தெருவில் மணலால் வீடு கட்டுகின்றனர். சிறுவன் ஓடிவந்து காலால் உதைத்து அழிக்கிறான். அழிக்காதே என்று அவர்கள் இரக்கின்றனர். புலவர்கள் இதனைக் குறும்பாகக் கண்டு சுவைத்தனர். மரபை அறிந்தோர்க்கு அதில் பிழை தோன்றாது. எனினும் ஓர் இடத்தை வகுப்போன் கண்ணால் நோக்கினால், ஓரிடத்தில் அமர்ந்து கட்டும் பிள்ளைக்கும் ஓடிக் கடக்கும் பிள்ளைக்கும் ஒரே தெருவைக் கொடுத்ததால் நேர்ந்த பூசல் அது. உலகத்துத் திடல்கள் யாவும் இன்றுவரை தீர்க்க முயல்வது இப்பூசலைத்தான்.

சங்க இலக்கியத்திலும் இதற்குச் சான்றுண்டு. ஏறி ஊர இயலாத, உருட்டுவதற்கென்றே தச்சர் புனைந்த சிறுதேரை உருட்டித் தளர்நடையால் களைத்த புதல்வர், செவிலியரிடம் பாலுண்டு உறங்கியதைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. அப்பிள்ளையின் கைக்கும் காலுக்கும் ஏற்ற அளவில் ஒருவன் ஒரு பொருளைச் செய்திருக்கிறான் என்பதே இங்கு நாம் கருத வேண்டுவது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர்த் தோட்டங்களில் பிள்ளைகள் வயதால் பிரிக்கப்பட்டனர்; விளையாட்டுக்காக அன்று, வேலைக்காக. தாய் விடியுமுன் பால்மரம் வெட்டப் போனபின் கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்குப் போயிற்று. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டுமென்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மூன்று, நான்கு, ஐந்து வயதினர் எங்கும் சேராதவர். லயத்து வாசலில், ஓர் அக்காளின் இடுப்பில் இருந்தனர். அந்த அக்காள் எட்டு வயதினளாகவும் இருக்கலாம். அவள் நொண்டி விளையாடும்போது குழந்தையைக் கட்டத்தின் ஓரத்தில் இறக்கிவைத்தாள்.

அங்கேதான் ஒரு சொல்லின் அருமை விளங்குகிறது. ஆட்டத்தில் சேரத் துடிக்கும் சிறுபிள்ளையைச் சேர்த்துக்கொண்டும், அவன் ஆட்டமிழந்ததாகக் கணக்கிடாமலும் விடுவதற்கு நம் பிள்ளைகள் வைத்த பெயர் ஒப்புக்குச் சப்பாணி. உப்புக்குச் சப்பாணி என்பாரும் உளர். கண்ணாமூச்சியிலும் சடுகுடுவிலும் அவன் ஓடலாம், பிடிபடலாம், ஆனால் தோற்க மாட்டான். வயது வேறுபட்ட பிள்ளைகள் ஓரிடத்தில் ஆடுவதற்குப் பெரியோர் எவரும் எழுதித் தராத விதி இது. வயதுவாரியாகத் திடலை வேலியிட்டுப் பிரித்தல் வேண்டும் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சப்பாணியை வேலிக்கு அப்பால் நிறுத்திவிட்டால் அவன் எதைப் பார்த்து வளர்வான் என்பதையும் எண்ண வேண்டும்.

செந்தூல் தோட்டமன்று, ரயில் ஊர். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் மலாய்க் கூட்டு மாநிலங்களின் ரயில்வே தன் மையப் பட்டறையை இங்கு அமைத்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களும், இலங்கைத் தமிழரான எழுத்தர்களும், சீக்கியரும், மலையாளிகளும் ரயில்வே வீடுகளில் குடியேறினர். பிரிக்பீல்ட்ஸில் 1905ஆம் ஆண்டு எழுந்த நூறு வீடுகளும் இவ்வகைக் குடியிருப்பே. வரிசை வீடு, அதன் முன் ஒரு கீற்றுப் புல்தரை, பின்னால் சந்து என்பதே அமைப்பு. புல்தரையில் பெரிய பையன்கள் பந்தாடினர். சந்தில் சிறுவர் கோலியும் பம்பரமும் ஆடினர். வாசற்படியில் பெண்பிள்ளைகளின் பல்லாங்குழியும் ஐந்தாங்கல்லும். மலாய்ப் பிள்ளைகள் பல்லாங்குழியைச் சோங்காக் என்றனர். குழியும் கொட்டையும் இரு மொழிக்கும் பொது. எவரும் வரைபடம் போடாமலே மூன்று வயதினர்க்கு மூன்று இடங்கள் அமைந்தன. வாசற்படியில் அமர்ந்த பாட்டி மூன்றையும் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது என்பதே அவ்வமைப்பின் உயிர்.

திட்டமிட்டு வகுக்கும் எண்ணம் அரசுக்கு இல்லாமலில்லை. 1888ஆம் ஆண்டிலேயே ஆல்ஃபிரட் வென்னிங் கோலாலம்பூரில் ஏரிப் பூங்காவைத் தொடங்கினார். அது முதலில் உலாவும் பெரியோருக்கானது. 1921ஆம் ஆண்டு நகரத் திட்டமிடுநராகப் பதவியேற்ற சார்லஸ் ரீட், தோட்ட நகரக் கொள்கையில் ஊறியவர். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் அவர் வகுத்த குடியிருப்பில், தெருவில் வண்டியோட, வீடுகளின் உட்புறத்தே பிள்ளைகள் விளையாடப் பொதுநிலம் விடப்பட்டது. இங்கே கோலகுபு பாருவில் அவர் கைவண்ணத்தைக் காணலாம். செந்தூலின் தொழிலாளர் வரிசைகளுக்கு அந்தச் சிந்தனை வந்து சேரவில்லை.

உலகின் பிற பகுதிகளில் நிகழ்ந்ததைச் சுருங்கக் கூறுவேன். பெர்லினில் பிள்ளைகளுக்கெனப் பூங்காக்களில் மணல் குவித்திருப்பதைக் கண்ட ஒரு மருத்துவரின் சொல்லால் 1885ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டனில் மணல் தோட்டம் பிறந்தது. பிறகு இரும்புக் குழாய் ஏணிகளும் ஊஞ்சல்களும் வந்தன. ஜெர்மானியர் வசமிருந்த டென்மார்க்கில் 1943ஆம் ஆண்டு கோபன்ஹேகனின் எம்ட்ரப்பில் சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளர் பலகையும் செங்கல்லும் கயிறும் கொடுத்துப் பிள்ளைகளையே கட்டச் சொன்னார். வளர்ந்த பிள்ளைகள் ஊஞ்சலை விட்டு அங்கே திரண்டனர். 1947ஆம் ஆண்டு முதல் ஆம்ஸ்டர்டாமில் ஆல்டோ வான் எய்க் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சிறு திடல்களை அமைத்தார். வெறுமையாய்க் கிடந்த மூலைகளில் தாழ்ந்த விளிம்புடைய மணற்குழி, உருளைக் கற்கள், வளைகம்பி. அக்கம்பி ஆறு வயதினனுக்குத் தலைகீழாய்த் தொங்குமிடம். பன்னிரண்டு வயதினளுக்கு அமர்ந்து பேசுமிடம். என் கணிப்பில் வயது வேறுபாட்டுக்கு இதுவரை கண்ட விடைகளுள் இதுவே மிகச் சிக்கனமானது.

அண்டையில் சிங்கப்பூரில், வீடமைப்பு வாரியத்தின் கோர் இயன் கீ 1979ஆம் ஆண்டு தோ பாயோவில் அமைத்த டிராகன் திடலை நம்மவர் பலர் கண்டிருப்பர். அதன் முதுகெலும்பு பெரிய பிள்ளைகளுக்கு ஏணி. அடியிலுள்ள மணல் தவழ்வோர்க்கு. ஒரே உருவத்தில் இரு பருவங்கள். பின்னர் அந்நாட்டுத் திடல்களில் மணல் அகற்றப்பட்டு ரப்பர்த் தரை வந்தது. தூய்மை கருதியே அவ்வாறு செய்தனர். சிற்றில் கட்ட ரப்பரால் ஆகாது.

வயதுப் பிரிவு வெறும் விருப்பத்தைப் பொறுத்ததன்று, உயிரைப் பொறுத்தது என்பதை அளவுகள் காட்டும். திடற்கருவிகளில் 8.9 முதல் 23 சென்டிமீட்டர் வரையுள்ள இடைவெளி கூடாதென்பது பன்னாட்டு விதி. ஏன்? சிறுகுழந்தையின் உடல் கால்வழியே அதில் நுழைந்துவிடும், தலை நுழையாது. கால் தரையைத் தொடாமல் கழுத்தில் தொங்க நேரும். பெரியவன் உடல் அவ்விடைவெளியில் புகுவதே அரிது. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு 6 முதல் 23 திங்கள், 2 முதல் 5 ஆண்டு, 5 முதல் 12 ஆண்டு என மூன்றாகப் பிரிக்கிறது. இரண்டு முதல் ஐந்து வயதினர் ஏறும் மேடை 76 சென்டிமீட்டரைத் தாண்டினால் அடைப்புச் சுவர் வேண்டும். பள்ளி வயதினர்க்கு அது 122 சென்டிமீட்டர். ஐரோப்பியத் தரவிதி வேறு வழியை எடுத்தது. பிறந்தநாளைக் கேட்பதை விட, ஏணியின் முதற்படியை உயர்த்தி வைத்தால் ஏற இயலாத குழந்தை கீழேயே நின்றுவிடும் என்றது. அரிதாக்குதலே அங்கே காவல். விழும் உயரம் மூன்று மீட்டரைத் தாண்டலாகாது.

நமக்கு ஐரோப்பிய வழி ஏற்றதென்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2018ஆம் ஆண்டு யுனிசெஃப் கோலாலம்பூரின் 17 மலிவு விலை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நடத்திய ஆய்வை வெளியிட்டது. அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் பெறாதவர். கருவியின் மேல் ஒட்டிய வயதெண்ணைப் படித்து ஒரு தாய் பிள்ளையை ஏற்றிவிடுகிறாள். அவ்வெண், நன்கு உண்டு வளர்ந்த பிள்ளையின் கைநீளத்தை மனத்திற்கொண்டு எழுதியது. நம் பிள்ளையின் கை அடுத்த கம்பியை எட்டாது.

செந்தூலின் வரிசை வீடுகள் பெரும்பாலும் மறைந்து, மக்கள் மாடி ஏறினர். வாசற்படி பதினைந்தாம் மாடிக்குப் போயிற்று. பாட்டியின் பார்வையும் அதனோடு போயிற்று. கீழே பொதுவாகக் காண்பது ஒரே தொகுப்பு: சறுக்குமரம் ஒன்று, ஊஞ்சல் இரண்டு, அருகே கார் நிறுத்துமிடம். மாலை ஐந்து மணிக்கு மழை விடாவிட்டால் அதுவும் இல்லை. மூன்று வயதினன் ஏறும் படிக்கட்டில் பதின்மூன்று வயதினன் சறுக்கின் வழியே எதிரேறி வருகிறான். அவனைப் பழிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவனுக்கென்று அங்கே என்ன இருக்கிறது? இதற்கிடையே, ரயில்வே காலத்துக் கோல்ஃப் திடலாயிருந்த முப்பத்தைந்து ஏக்கர் பசுமை, செந்தூலின் மேற்குப் பகுதியில் தனியார் பூங்காவாகியுள்ளது. அதனை அழகுறக் காத்திருக்கின்றனர் என்பதை மறுக்க இயலாது. 2005ஆம் ஆண்டு அங்கே திறந்த கலை அரங்கு நகருக்கே பெருமை. ஆயினும் தண்டவாளத்தின் மறுபுறத்துப் பிள்ளைக்கு அப்புல் தூரத்துக் காட்சியே.

பெண்பிள்ளைகள் நிலை தனியே சொல்லத்தக்கது. தொண்ணூறுகளில் வியன்னா நகராட்சி தன் பூங்காக்களை ஆராய்ந்தபோது, ஒன்பது, பத்து வயதைக் கடந்த சிறுமியர் திடீரெனக் குறைவதைக் கண்டது. கூண்டு போன்ற பந்துத் திடல், அதற்கு ஒரே வாயில், வாயிலில் பையன்கள். 1999ஆம் ஆண்டு இரு பூங்காக்களில் வாயில்களைப் பெருக்கினர்; பெருவெளியைச் சிறு வெளிகளாகப் பகுத்தனர்; உட்கார இடம் தந்தனர். சிறுமியர் திரும்பி வந்தனர். சிற்றில் சிதைந்த கதைக்கு நம் புலவர் பாடாத முடிவு இது.

ஆகவே, குடியிருப்போர் சங்கம் பழுதான சறுக்குமரத்தை மாற்றித் தருமாறு மாநகர் மன்றத்துக்கு மனு எழுதும்போது, மற்றொரு சறுக்குமரத்தை மட்டும் கேட்க வேண்டாம். மணற்குழி ஒன்றை, ஓடுபாதையிலிருந்து விலக்கி, மூடுபலகையோடு கேட்கலாம். பூனை மணலைக் கெடுக்கும். தூங்குமூஞ்சி மரம் நின்றால் அதன் நிழலைச் சிறு குழந்தைகளுக்கு ஒதுக்கலாம். நம் ஊரில் கதிரவன் உச்சியில் நிற்பவன். உலோகச் சறுக்கை எத்திசை நோக்கி வைத்தாலும் நண்பகலில் சுடும். பழைய டயர் பதித்தால் அடியில் துளையிட வேண்டும். இல்லாவிடில் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு வளரும். வளர்ந்தோர்க்கு ஒரு வளைகம்பியும், சேப்பாக் தக்ரோ ஆட ஒரு சிமெண்டுத் தரையும், அதற்கு இரு வாயில்களும் வேண்டும். இரண்டிற்கும் இடையே இடுப்பளவு உயரத்தில் செடிவேலி போதும். சப்பாணி அதன் மேலாக எட்டிப் பார்க்கலாம். தம்பியைக் கொண்டுவந்த அக்காளுக்கு ஓர் இருக்கையைக் கேட்க வேண்டும். மணற்குழியும் தன் தோழியரும் ஒரே நேரத்தில் அவள் கண்ணில் படும் இடத்தில் அது இருக்க வேண்டும்.