ஒரு பாட்டுச் சொல்லு!

அயர்லாந்தின் மேற்குக் கரையோரம் ஐரிஷ் மொழி பேசுகிற ஒரு கிராமம். ராத்திரி வேளை. கணப்படுப்பைச் சுற்றிப் பத்துப் பேர் கூடியிருக்கிறார்கள். மூலையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பாட அழைக்க வேண்டும். எப்படி அழைப்பார்கள் தெரியுமா? 'அபர் அவ்ரான்' என்பார்கள். ஒரு பாட்டுச் சொல்லு என்று அர்த்தம்.

பாடு அல்ல, சொல்லு. இந்த ஒரு வார்த்தைக்குள் ஒரு முழு சங்கீத மரபே உட்கார்ந்திருக்கிறது.

அந்த மரபுக்கு ஷான் நோஸ் என்று பெயர். 'பழைய பாணி' என்று பொருள். ஒரே ஒரு குரல். பக்கவாத்தியம் கிடையாது. கறாரான தாளமும் கிடையாது. பாடுபவர் பல சமயம் கண்ணை மூடிக்கொண்டுவிடுவார். பக்கத்தில் இருப்பவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பாட்டின் போக்குக்கு ஏற்ப மெல்லச் சுற்றிக்கொண்டே இருப்பார். கடலில் போன மகன், கப்பலேறிப் போன காதலி, பறிபோன நிலம். இப்படி ஏதாவது ஒரு கதை. சொல்கிறவர் இஷ்டப்பட்ட இடத்தில் நிறுத்துவார், இழுப்பார், ஒரு சின்னச் சுழிப்பு வைப்பார். அடுத்த சரணத்தில் அந்தச் சுழிப்பு வராது. வேறொன்று வரும்.

சொல்பவர் ஒருவர், கேட்பவர் பலர். இதில் கூடச் சேர்ந்து பாட இரண்டாவது ஆளுக்கு இடமே இல்லை. இல்லையா?

ஆனால் இன்றைக்கு ஐரிஷ் பாட்டு என்றதும் உலகத்தில் பலர் காதில் ஒலிப்பது வேறு சத்தம். மூன்று, நான்கு குரல்கள் ஒன்றையொன்று உரசியபடி, ஒரே உடம்புபோல நகரும் சத்தம். தனியாள் மரபுக்குள் இது எப்படி நுழைந்தது? யார் பார்த்த வேலை?

அதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கம். பத்துப் பேர் ஒரே மெட்டைச் சேர்ந்து பாடினால் அது கோரஸ். ஹார்மனி அப்படியல்ல. ஒருவர் 'ஸ'வைப் பிடிக்கும் அதே கணத்தில் இன்னொருவர் 'க'வில் நிற்பார். மூன்றாமவர் 'ப'வில். மூன்றும் வேறு வேறு ஸ்வரம். ஆனால் சேர்ந்து காதில் விழும்போது ஒன்றாகத் தெரியும். நெருக்கமான ஹார்மனி என்றால், அந்த ஸ்வரங்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகள் மாதிரி. நடுவில் சந்துகூட இருக்காது. ஒருவர் இம்மி பிசகினாலும் போச்சு.

இந்த வித்தை பிரிட்டனில் பரவியதற்குக் காரணம் பெரும்பாலும் தேவாலயங்களும் பாடகர் குழுக்களும். அயர்லாந்தின் கத்தோலிக்கர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1690களில் தொடங்கி அவர்கள்மீது அடுக்கடுக்காகச் சட்டங்கள் பாய்ந்தன. பல இடங்களில் பாறையையே பலிபீடமாக வைத்து, வெட்டவெளியில் ரகசியமாகப் பூசை நடத்திய காலம் அது. ஒளிந்து கும்பிடுகிறவன் நாலு சுருதியில் பாடிக்கொண்டிருக்க முடியுமா? 1829 வரை கத்தோலிக்கர்கள் பாராளுமன்றத்தில்கூட உட்கார முடியாது.

சரி, சட்டம் போயிற்று. நிம்மதி வந்ததா? ம்ஹும். பஞ்சம் வந்தது.

1841 கணக்குப்படி அயர்லாந்தின் மக்கள்தொகை எண்பது லட்சத்துக்கும் மேல். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதைத் தவிர வேறு சாப்பாடு இல்லை. அடுத்த சில வருடங்களில் சுமார் பத்து லட்சம் பேர் செத்துப் போனார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கப்பலேறினார்கள். அடி பலமாக விழுந்தது ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதியில்தான்.

மிச்சமிருந்தவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். பிள்ளை பிழைக்க வேண்டுமென்றால் போக வேண்டியது பாஸ்டனுக்கு, லிவர்பூலுக்கு. அங்கே ஐரிஷை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பள்ளிக்கூடத்தில் குழந்தையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஐரிஷில் ஒரு வார்த்தை பேசினால் குச்சியில் ஒரு வெட்டு. சாயங்காலம் வெட்டுகளை எண்ணி அடி. இதற்குப் பல இடங்களில் பெற்றோரும் உடந்தை என்பதுதான் கொடுமை. 1851-ல் ஐரிஷ் தெரிந்தவர்கள் சுமார் பதினைந்து லட்சம். 1911-ல் அது ஆறு லட்சத்துக்கும் கீழே இறங்கியது.

1922-ல் சுதந்தர அரசு வந்தது. ஐரிஷ் அரசு மொழியானது. உடனே என்ன செய்தார்கள்? பரீட்சை வைத்தார்கள்! 1930களிலிருந்து 1973 வரை, ஐரிஷில் தேறாதவனுக்குப் பள்ளி இறுதிச் சான்றிதழ் கிடையாது. குச்சியால் அடித்து மறக்க வைத்த மொழியை, பரீட்சையால் மிரட்டி ஞாபகப்படுத்தப் பார்த்தார்கள். மாணவர்களில் பலருக்கு அது இலக்கணப் பாடம், மனப்பாடம், தலைவலி. அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம் நல்ல காரியமும் நடந்தது. 1935-ல் நாட்டார் வழக்காற்று ஆணையம் அமைத்தார்கள். ஆட்கள் சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போய்க் கதையும் பாட்டும் சேகரித்தார்கள். மெழுகு உருளையில் பதிகிற ஒரு மெஷின் இருந்தது. ஆனால் புது உருளை வாங்கக் காசில்லை. எனவே, பதிந்த குரலைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு, மெழுகைச் சுரண்டிவிட்டு மறுபடி அதிலேயே பதிவார்கள். சொற்கள் நோட்டில் பத்திரம். குரல்? சுரண்டிய மெழுகோடு போயே போச்சு.

இப்போது டொனிகால் மாவட்டத்துக்கு வாருங்கள். வடமேற்கு மூலை. அங்கே ரானஃபாஸ்ட் என்று ஒரு ஊர். ஐரிஷ் சாகாமல் தப்பித்த இடங்களில் ஒன்று. அந்த ஊர்க்காரர் ஒருவர், ஓ டோனல் குடும்பம், வேலை நிமித்தம் கிழக்கே கெல்ஸ் என்கிற டவுனில் குடியிருந்தார். அவரும் பாட்டுச் சேகரிப்பவர். அவருக்குப் பெரிய புதையல் சொந்த வீட்டிலேயே இருந்தது. அவருடைய சகோதரி நெல்லி. அந்த அம்மாள் ஒருவரிடமிருந்து மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட பாட்டுகள் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

இவருடைய பிள்ளைகளில் மூவர் மீஹால், ட்ரீனா, மரேட். கோடை விடுமுறைக்கு ரானஃபாஸ்ட். அத்தை வாயிலிருந்து பாட்டு. வருடம் பூராவும் ரேடியோவில் பீட்டில்ஸ். ரானஃபாஸ்டின் கோடைக்கால ஐரிஷ் வகுப்புக்கு வந்துபோன டெர்ரி நகரத்துப் பையன் டாஹி ஸ்ப்ரோலும் இவர்களோடு ஒட்டிக்கொண்டான். பையன்கள் இருவருக்கும் கிடார் பைத்தியம். லண்டனில் பெண்டாங்கிள் போன்ற குழுக்கள் பழைய பாட்டுகளைப் புதிதாக வாசித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுக் கிறுகிறுத்துப் போயிருந்தார்கள்.

ஒருபக்கம் அத்தை, மறுபக்கம் பீட்டில்ஸ். இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே வீட்டுச் சமாசாரம். அத்தையின் பாட்டை எடுத்து ஹார்மனியில் பாடிப் பார்த்தால் என்ன?

பார்த்தார்கள். 1971-ல் கேல் லின் நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது. குழுவின் பெயர் ஸ்காரா பிரே. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில், ஆயிரக்கணக்கான வருடம் மணலில் புதைந்து கிடந்து, 1850-ல் ஒரு புயல் வந்து திறந்து காட்டிய கற்கால கிராமத்தின் பெயர். ஐரிஷ் மொழிப் பாட்டுகள் ஹார்மனியோடு பதிவானது அதுதான் முதல்முறை என்கிறார்கள். கடைக்குட்டி மரேட் அப்போது பள்ளிக்கூடம் போகிற பெண்.

கூடப் பிறந்தவர்கள் சேர்ந்து பாடும்போது ஒரு சௌகரியம் உண்டு. ஒரே வீட்டில் பேசிப் பழகிய வாய். 'ஆ' என்றாலும் 'ஓ' என்றாலும் ஒரே மாதிரி திறக்கும். எந்தக் குரல் எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். கிடாரிலும் ஒரு தந்திரம் செய்தார்கள். தந்திகளை வழக்கம்போல் சுருதி சேர்க்காமல், மேஜரா மைனரா என்று பிடிகொடுக்காத விதத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பழைய மெட்டுகள் மேற்கத்திய கார்டுக்குள் மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறாமல் இருக்க அது உதவியது.

எல்லாம் சரி. இழப்பு ஒன்றுமே இல்லையா?

உண்டு. நான்கு பேர் சேர்ந்து பாட வேண்டுமென்றால், எங்கே மூச்சு விடுவது, எங்கே இழுப்பது என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்தாக வேண்டும். நினைத்த இடத்தில் நிறுத்துகிற சுதந்தரம் காலி. சரணத்துக்குச் சரணம் மாறுகிற சுழிப்பு காலி. 'பாட்டுச் சொல்லு' என்றால் ஒருவர் சொல்லலாம். நான்கு பேர் சேர்ந்து சொன்னால் அது சொல்வது ஆகாது, ஒப்பிப்பது ஆகிவிடும் என்று ஒரு பழைய பாணிக்காரர் வாதிட்டால், அதை அத்தனை சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

ஸ்காரா பிரே ஒரே ஒரு ஆல்பத்தோடு கலைந்துவிட்டது. ஆனால் கதவு திறந்தாகிவிட்டது. ரானஃபாஸ்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் க்வீடோர் என்ற ஊரில், மூன்று உடன்பிறப்புகளும் அவர்களுடைய இரட்டையர் மாமன்கள் இருவரும் சேர்ந்து கிளானாட் என்று குழு நடத்திக்கொண்டிருந்தார்கள். 1982-ல், வட அயர்லாந்துக் கலவரத்தைப் பற்றிய ஒரு பிரிட்டிஷ் டி.வி. தொடருக்கு முகப்புப் பாட்டு வேண்டும் என்று கேட்டார்கள். ஐரிஷிலேயே பாடிக் கொடுத்தார்கள். அடுக்கடுக்காகக் குரல்கள். பிரிட்டிஷ் ஹிட் பட்டியலில் ஐந்தாவது இடம்! எந்த மொழியைப் பேசினால் குச்சியில் வெட்டு விழுந்ததோ, அந்த மொழி லண்டன் டி.வி. ஸ்டூடியோவில் ஒலித்தது. வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒரு வரிகூடப் புரிந்திருக்காது. அதனாலென்ன?

மூன்றாவதாக ஒரு வழியும் பிறந்தது. 1980களில் ஃபில் காலரி, ஃப்ரான் மெக்ஃபெய்ல், கெரி கல்லன் என்று மூன்று ஆண்கள் சேர்ந்தார்கள். வாய்ஸ் ஸ்க்வாட் என்று பெயர். கிடாரா? கிடையாது. எந்த வாத்தியமும் கிடையாது. மூன்றே தொண்டைகள். பெரும்பாலும் அயர்லாந்தின் ஆங்கில நாட்டுப்பாடல்கள். இவர்களுக்கு உந்துதல் இங்கிலாந்திலிருந்து வந்தது. சஸெக்ஸில் ராட்டிங்டீன் என்ற கிராமத்தில் காப்பர் என்கிற பண்ணைத் தொழிலாளர் குடும்பம், தலைமுறை தலைமுறையாக ஹார்மனியில் பாடிவந்தது. 1898-லேயே ஆள் வந்து குறிப்பெடுத்துப் போன குடும்பம். பிறகு ஹல் நகரத்து வாட்டர்ஸன் குடும்பம். அடக்கி ஆண்ட நாட்டின் கிராமத்து ஏழைகளிடமிருந்து வித்தையைக் கடன் வாங்கினார்கள் இந்த மூவரும். இவர்களுடைய முதல் ஆல்பம் 1987-ல் வந்தது.

இவர்கள் பாடுவதைக் கேட்டால் ஒன்று கவனியுங்கள். ஒருவர் மெட்டைப் பிடித்துக்கொள்வார். மற்ற இருவரும் அவரைச் சுற்றி நிற்பார்கள், முந்த மாட்டார்கள். வாத்தியம் இல்லாததால் தாளத்துக்கு அடிமையாக வேண்டியதில்லை. மெட்டுக்காரர் இழுத்தால் இழுப்பார்கள், நின்றால் நிற்பார்கள். கையைப் பிடித்துச் சுற்றுகிற அந்தப் பக்கத்து ஆள் ஞாபகமிருக்கிறாரா? கிட்டத்தட்ட அவர் வேலையைத்தான் இந்த இரண்டு குரல்களும் செய்கின்றன.

சரி, இத்தனை ஹார்மனியும் சேர்ந்து ஐரிஷ் மொழியைக் காப்பாற்றிவிட்டதா? 2022 கணக்கெடுப்பைப் பாருங்கள். அயர்லாந்துக் குடியரசில் ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் பதினெட்டு லட்சத்துக்கும் மேல். பள்ளிக்கு வெளியே தினசரி பேசுகிறவர்கள்? 71,968 பேர். 2016-ஐவிடக் குறைவு. பாட்டு ஒரு மொழியைக் காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கறிகாய் வாங்கவும் கடன் கேட்கவும் சண்டை போடவும் பயன்படாத மொழியை எந்த ஸ்வரமும் தூக்கி நிறுத்தாது.

பழைய பாணியும் அழிந்துவிடவில்லை. ஐரிஷ் கலைவிழாவான ஓராக்டஸில் ஷான் நோஸுக்கு உயரிய பரிசு ஒன்று உண்டு. ஓ ரியாடா கோப்பை, 1972-லிருந்து. ஹார்மனி செல்லாது. தன்னந்தனியாக நின்று, துணை ஏதுமின்றிப் பாட வேண்டும்.

ஆக, அந்தப் பிள்ளைகள் அழித்ததும் ஒன்றுமில்லை, மொழியைக் காப்பாற்றியதும் இல்லை. பிறகு என்னதான் செய்தார்கள்?

காப்பகத்தில் நோட்டுகள் இருக்கின்றன. தேடிப் போகிறவருக்குக் கிடைக்கும். ஆனால் நோட்டைப் பார்த்து யாரும் பாட்டின்மேல் ஆசைப்படுவதில்லை. ஒரு தொண்டையிலிருந்து கேட்டால்தான் இன்னொரு தொண்டைக்கு ஆசை வரும். பரீட்சைப் பாடமாக மட்டுமே ஐரிஷை அறிந்த ஒரு தலைமுறைக்கு, தன் வயதுக்காரர்கள், தன் காலத்துச் சத்தத்தில், வெட்கப்படாமல் அதைப் பாடிக் காட்டினார்கள்.

மீஹால் 2006-ல் தனது ஐம்பத்து நான்காவது வயதில் இறந்துபோனார். தங்கைகள் நிறுத்தவில்லை. 2010-ல் ட்ரீனாவும் மரேடும், கிளானாட்டின் மோயா பிரென்னனும், க்வீடோரின் இன்னொரு பாடகியான மரேட் நி வீனியும் சேர்ந்து ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். நால்வரும் டொனிகால் வழி வந்தவர்கள். வீட்டில் கற்ற பாட்டு, நான்கு குரல்.