டஸ்கீகியில் எரிந்த முதல் விளக்கு

ஒரு கல்வி வளாகத்துக்கு மின்சாரம் வந்த கதையைப் பொறியியல் செய்தியாகவே நாம் படிக்கிறோம். கம்பி இழுத்தவர்கள் யார், அவர்கள் அங்கே படித்தார்களா என்று கேட்டால் அது சமூக வரலாறு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கீகி பல்கலைக்கழகத்தை அப்படித்தான் படிக்க வேண்டும்.

அடிமைமுறை ஒழிந்து 16 ஆண்டுகளே ஆகியிருந்தன. அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன், 1881 ஜூலை 4 அன்று சுமார் 30 மாணவர்களுடன் கறுப்பின மக்களுக்கான அந்தப் பள்ளியைத் தொடங்கினார். கூரை ஒழுகியதால், மழை பெய்தால் ஒரு மாணவர் அவருக்குக் குடை பிடிக்கப் பாடம் நடந்தது. பிறகு வாங்கிய பழைய தோட்ட நிலத்தில் கோழிக்கூடும் குதிரை லாயமும் வகுப்பறைகளாயின. கட்டடத்துக்கான செங்கல்லை மாணவர்களே அறுத்தார்கள். மூன்று சூளைகள் பாழாயின. வாஷிங்டன் தன் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்துப் போட்ட நான்காவது சூளையில்தான் கல் வெந்தது.

1892இல் ராபர்ட் டெய்லர் ஆசிரியராக வந்தார். எம்.ஐ.டி.யில் கட்டடக்கலை படித்த முதல் கறுப்பினப் பட்டதாரி அவர். அவர் வரைந்த தேவாலயம் 1898இல் எழுந்தது. அதன் 12 லட்சம் செங்கற்களும் மாணவர்கள் அறுத்தவை. மேக்கன் மாவட்டத்திலேயே உள்ளே மின்விளக்கு எரிந்த முதல் கட்டடம் அதுதான். அடுத்த ஆண்டு அதே வளாகத்தில் மாணவர்கள் கட்டிய வாஷிங்டனின் வீடு, அந்த மாவட்டத்தில் மின்சாரமும் நீராவி வெப்பமும் பெற்ற முதல் வீடு.

இது குலக்கல்விதானே என்று தோழர்கள் கேட்கலாம். இல்லை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், பாதி நாள் பள்ளி போக மீதி நேரம் பிள்ளைகளைப் பெற்றோரின் தொழிலுக்கு அனுப்பியது. டஸ்கீகியில் அடிமைகளின் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலோடு நிறுத்தப்படாமல் பல தொழில்களைக் கற்றார்கள்.

ஆனால் விளக்கு மட்டும் விடுதலை தரவில்லை. 1901இல் அலபாமாவின் புதிய அரசமைப்பு, எழுத்தறிவுத் தேர்வையும் தேர்தல் வரியையும் வைத்துக் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்தது. தொழிற்கல்வியை முன்னிறுத்தி அரசியல் உரிமையையும் உயர்கல்வியையும் வாஷிங்டன் விட்டுக்கொடுக்கிறார் என்று 1903இல் டு போய்ஸ் சாடினார். பின்னாளில், 1946இல், அம்பேத்கர் கடிதம் எழுதியது இந்த டு போய்ஸுக்குத்தான்.

இன்று நம் வளாகங்களுக்குச் சூரிய மின்தகடுகளும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் வருகின்றன. சாக்கடை அடைப்பு எடுக்க இறங்குபவர்கள் இன்றும் பெரும்பாலும் நம் மக்களே. அடுத்த முறை நவீனமயமாக்கல் திட்டம் அறிவிக்கப்படும்போது மூன்று கேள்விகளை எழுப்புவோம். மனிதரை இறக்காத இயந்திரத்துக்கு அதில் நிதி உண்டா? அந்தத் தொழிலாளர்களுக்கு நிரந்தரப் பணி உண்டா? திட்டம் தீட்டும் குழுவில் நமக்கு இடம் உண்டா?