பாதிரிமார் துறை

1776ஆம் ஆண்டு என்றவுடன் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விடுதலைப் பிரகடனமே கற்றோர் நினைவிற்கு வரும். அதே ஆண்டில், அதே கண்டத்தின் மேற்குப் பகுதியில், பத்துப் பேர் அடங்கிய ஒரு சிறு கூட்டம் குதிரைகளையும் பொதி விலங்குகளையும் நடத்திக்கொண்டு, எவரும் படம் வரைந்திராத ஒரு வறண்ட நாட்டிற்குள் புகுந்தது. அவர்களிடம் படையில்லை, பீரங்கியில்லை, தேடிச் சென்ற ஊரை அவர்கள் அடையவுமில்லை. ஆயினும் அவர்தம் பயணம் வரலாற்றில் நிலைத்துவிட்டது. வென்றோர் கதைகளையே மிகுதியாகப் படித்துப் பழகிய நமக்கு, தோற்றுத் திரும்பியோரின் இக்கதை கற்பிப்பது சிறிதன்று.

புறப்பாடு

அந்நாளில் நியூ மெக்சிகோ ஸ்பெயின் நாட்டு மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அதன் தலைநகர் சாந்தா பே. பசிபிக் கடற்கரையில் கலிபோர்னியாவின் மாண்டரே என்னுமிடத்தில் ஸ்பானியர் 1770ஆம் ஆண்டில் ஒரு குடியேற்றத்தை நிறுவியிருந்தனர். இவ்விரண்டையும் நிலவழியாக இணைத்துவிட்டால் ஆட்சிக்கும் சமயப் பணிக்கும் பெருந்துணையாகும் என்று எண்ணினர். ஆனால் இடையில் கிடந்ததோ கொலராடோ ஆறும் அதன் கிளைகளும் இலட்சக்கணக்கான ஆண்டுகளாக அறுத்து ஆழப்படுத்திய செம்பாறை நாடு. நேர் மேற்கே செல்வோரை ஆயிரக்கணக்கான அடி ஆழமுள்ள பள்ளத்தாக்குகள் மறித்து நிற்கும். ஆண்டு முழுவதும் பத்து அங்குல மழையேனும் காணாத இடங்கள் அங்குப் பல. ஆகவே வடக்கே சென்று சுற்றி மேற்கே திரும்புவதென முடிவாயிற்று.

பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த இரு துறவியர் இப்பயணத்திற்குத் தலைமை தாங்கினர். ஒருவர் பிரான்சிஸ்கோ அத்தனாசியோ தொமிங்கெஸ். மற்றவர் சில்வெஸ்த்ரே வேலெஸ் தெ எஸ்கலாந்தே. பின்னவர் இளைஞர், பயணத்தின் நாட்குறிப்பு அவர் பெயராலேயே பெரிதும் அறியப்படுகிறது. வான்மீன்களின் உயரத்தை அளந்து படம் வரையப் பெர்னார்தோ மியேரா இ பச்சேக்கோ என்னும் அறுபது வயது கடந்த முதியவர் உடன் சென்றார். யூட் மக்களின் மொழி அறிந்த ஆந்திரெஸ் முனீஸ் துபாஷியாக அமைந்தார். ஜூலை 4ஆம் நாள் புறப்படத் திட்டமிட்டு, பல காரணங்களால் தடைப்பட்டு, ஜூலை 29ஆம் நாளன்று சாந்தா பேயை விட்டு நீங்கினர்.

பாசறையின் கணக்கு

வறண்ட மலைநாட்டில் குதிரைகளோடு பயணம் செய்வோரின் முதல் கவலை தம் உணவன்று, விலங்குகளின் தண்ணீரே. ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 45 லிட்டர் வரை தண்ணீர் வேண்டும். எட்டுப் பத்துக் கிலோ தீவனமும் வேண்டும். பொதிக்குதிரை ஒன்று எழுபது கிலோ அளவே சுமந்து நெடுவழி நடக்கும். அவ்வளவையும் தண்ணீராகவே ஏற்றினாலும், அந்தக் குதிரை குடிப்பதற்கே அஃது மூன்று நாளைக்குக்கூட வராது. எனவே தண்ணீரைச் சுமந்து செல்வது என்பது ஆகாத காரியம். தண்ணீர் உள்ள இடத்தைத் தேடிச் சென்று தங்குவதொன்றே வழி.

எஸ்கலாந்தேயின் நாட்குறிப்பு இக்கணக்கையே பக்கந்தோறும் சொல்கிறது. இன்று இத்தனை லீக் தூரம் கடந்தோம், இத்திசையில் சென்றோம், இங்கே மேய்ச்சல் நன்று, தண்ணீர் போதாது, அங்கே தண்ணீர் உண்டு, புல் இல்லை என்று நாள் தவறாமல் எழுதியிருக்கிறார். தங்கிய இடங்களுக்கெல்லாம் புனிதர்களின் பெயர்களை இட்டு வந்தனர். தண்ணீரும் புல்லும் ஒருங்கே வாய்த்த இடம் கிடைத்த நாளில் எழுத்திலும் ஒரு நிம்மதி தெரிகிறது. அக்டோபர் மாதத் தொடக்கத்தில், உப்புப் பூத்த நீரற்ற வெளியொன்றில் தங்கிய இரவில், தாகம் தாங்காத குதிரைகள் தண்ணீரைத் தேடிக் கூட்டமாக ஓடிவிட்டன. அவற்றைத் தேடி மீட்க வேண்டியதாயிற்று. குதிரையை இழந்தவன் அந்நாட்டில் உயிரையும் இழக்க நேரும் என்பதை அனைவரும் அறிந்திருந்தனர்.

வழிகாட்டியவர்கள்

இப்பயணத்தைப் 'புதுநாடு கண்ட பயணம்' என்று சில நூல்கள் போற்றும். ஆனால் நாட்குறிப்பை ஊன்றிப் படிப்போர்க்கு வேறோர் உண்மை புலப்படும். அந்நாடு எவருக்கும் தெரியாத நாடன்று. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர் அதன் ஒவ்வொரு சுனையையும் அறிந்திருந்தனர். பயணிகள் தொலோரெஸ் ஆற்றருகே பண்டைக் குடியிருப்பு ஒன்றின் இடிபாடுகளையும் கண்டனர். அதற்கப்பால் ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்குகளில் வழி தவறி அலைந்தபோது, யூட் மக்களே அவர்களுக்குத் திசை காட்டினர்.

மேற்கே ஏரிக்கரையில் வாழ்ந்த மக்களுள் ஒருவர், தம் ஊர் திரும்பும் வழியில் இவர்களுடன் வர இசைந்தார். அவருக்கும் சில்வெஸ்த்ரே என்றே பெயரிட்டு அழைத்தனர். அவர் முன்னே செல்ல, இவர்கள் பின்னே சென்றனர். இன்று கிரீன் ஆறு எனப்படும் பேராற்றைச் செப்டம்பர் நடுவில் கடந்தனர். செப்டம்பர் 23ஆம் நாள் யூட்டா ஏரியின் பள்ளத்தாக்கை அடைந்தனர். பசும்புல்லும் இனிய நீரும் மீனும் நிறைந்த அவ்விடத்தைக் கண்டு மகிழ்ந்து, அங்கே பெருநகரங்கள் அமையலாம் என எண்ணினர். ஏரிக்கரை மக்கள் அன்போடு வரவேற்றனர். திரும்பி வந்து உங்களுடன் வாழ்வோம் என்று துறவியர் அவர்களுக்கு வாக்களித்துப் பிரிந்தனர்.

திருவுளச் சீட்டு

அதன்பின் காலம் மாறியது. அக்டோபர் முதல் வாரத்தில் பனி பெய்தது, வடகாற்று வாட்டியது. புதிதாக வந்த வழிகாட்டியோ, கூட்டத்தில் ஒருவர் தம் பணியாளுடன் சச்சரவிட்டதைக் கண்டு மனம் வெறுத்து, சொல்லாமல் நீங்கிவிட்டார். மாண்டரே இன்னும் எத்தனை தூரம் என்பது எவருக்கும் தெரியவில்லை. மேற்கே மலைகளைப் பனி மூடுமுன் கடக்க இயலாது எனக் கருதிய துறவியர், சாந்தா பேக்கே திரும்ப முடிவு செய்தனர்.

மியேராவும் வேறு சிலரும் இதனை ஏற்கவில்லை. இவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோடு திரும்புவதா என்று முணுமுணுத்தனர். பிளவு முற்றியது. பாலைநாட்டில் பிளவுபட்ட கூட்டம் பிழைப்பதரிது. ஆகவே அக்டோபர் 11ஆம் நாள் திருவுளச் சீட்டுப் போட்டுப் பார்ப்பதென இசைந்தனர். மாண்டரே என்று விழுந்தால், அவ்வூர் அருகில்தான் உள்ளது என வாதிட்ட மியேராவே தலைமை ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. அனைவரும் இறைவனை வேண்டிச் சீட்டு எடுத்தனர். திரும்புவதென்றே விழுந்தது. மறுத்தோரும் அதனை மனமார ஏற்றனர். ஒருவரையொருவர் வற்புறுத்தாமல் ஒரு முடிவிற்கு அனைவரும் கட்டுப்பட்ட அந்த நாளே, அவர்கள் உயிரோடு ஊர் திரும்பியதற்கு ஒரு காரணம் எனலாம்.

ஆற்றங்கரையில் பன்னிரண்டு நாட்கள்

திரும்பும் வழியும் எளிதாயில்லை. தெற்கே செல்லச் செல்ல உணவு தீர்ந்தது. அந்நிலத்தில் வாழ்ந்த தெற்குப் பையூட் மக்கள் குதிரை ஏறியவர்களைக் கண்டு முதலில் அஞ்சி ஓடினர். அச்சம் தெளிந்தபின், பைன் மரத்தின் கொட்டைகளையும் காட்டு விதைகளையும் சப்பாத்திக்கள்ளிப் பழத்தையும் விற்றனர். அவர்கள் பெரும்பாலும் கால்நடையாகவே திரிந்தனர். ஒரு குதிரைக்குத் தேவையான நீரும் புல்லும் இல்லாத நாட்டில், ஒரு கைப்பிடி விதையையும் ஒரு பாறைக்குழியின் நீரையும் கொண்டு வாழக் கற்றவர் அவர்கள். அந்நாட்டிற்கு ஏற்ற வாழ்வு அதுவே.

அக்டோபர் 26ஆம் நாள் கொலராடோ ஆற்றின் கரையை அடைந்தனர். மூன்று புறமும் செங்குத்தான பாறைச் சுவர், முன்னே பெருவெள்ளம். அவ்விடத்திற்கு இட்ட பெயரிலேயே, 'முடிந்தால் வெளியேறு' எனப் பொருள்படும் ஒரு ஸ்பானியச் சொல்லையும் சேர்த்தனர். துன்பத்திலும் நகைச்சுவை அவர்களை விட்டு நீங்கவில்லை போலும்! நீந்த வல்ல இருவர், உடைகளைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினர். நடு ஆற்றில் உடைகளும் காலணிகளும் அடித்துச் செல்லப்பட்டன. அக்கரை சேர்ந்தும், ஆடையின்றி அப்பாறை நாட்டில் நடக்க இயலாமல், மீண்டும் நீந்தித் திரும்பினர். பின்னர் தெப்பம் கட்டினர். பன்னிரண்டு அடிக்கும் மேற்பட்ட நீளமுள்ள கழிகள் கரையிலிருந்து சற்றுத் தொலைவிலேயே தரையை எட்டவில்லை. அலைகள் தெப்பத்தைக் கரைக்கே திருப்பி விட்டன.

பசி மேலிட்டது. தம்மை முதுகில் சுமந்து வந்த குதிரைகளுள் ஒன்றைக் கொன்று உண்ண வேண்டிய நிலை வந்தது. பின்னர் மற்றொன்றையும் கொன்றனர். வழிநடையில் வளர்த்த விலங்கை உணவாக்குவது எளிய செயலன்று. ஒவ்வொரு குதிரையும் குறையக் குறைய, ஊர் சேரும் நம்பிக்கையும் குறைந்தது. ஆயினும் வேறு வழியில்லை.

நவம்பர் 2ஆம் நாள் ஒரு கொடிய பாறைச்சரிவில் ஏறி வெளிப்பட்டனர். அடுத்த சில நாட்கள், பையூட் மக்கள் கூறிய துறையைத் தேடிப் பள்ளத்தாக்கின் விளிம்போடு அலைந்தனர். நவம்பர் 7ஆம் நாள் அதனைக் கண்டனர். ஆறு அங்கே அகன்று ஆழம் குறைந்து ஓடியது. ஆனால் ஆற்றை நோக்கி இறங்கும் பாறை, குதிரைக் குளம்பு நிற்க முடியாதபடி வழுக்கியது. கோடரிகளால் அப்பாறையில் ஏறத்தாழ எட்டடி நீளத்திற்குப் படிகள் வெட்டினர். பொதிகளை இறக்கிவிட்டு, விலங்குகளைக் கடிவாளம் பற்றி ஒவ்வொன்றாக நடத்தி இறக்கினர். சேணங்களையும் மூட்டைகளையும் வேறோரிடத்தில் கயிறு கட்டிக் கீழே விட்டனர். முதலில் சிலர் ஆற்றில் இறங்கி ஆழம் பார்த்தனர். மாலை ஐந்து மணியளவில் அனைவரும் அக்கரை சேர்ந்தனர். இறைவனைத் துதித்து, மகிழ்ச்சியால் சில துப்பாக்கிகளை வானோக்கிச் சுட்டனர்.

பின்னர் ஹோப்பி மக்களின் ஊர்களையும் சூனியையும் கடந்து, 1777ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் சாந்தா பே வந்தடைந்தனர். ஐந்து மாதங்களில் ஏறத்தாழ 1,700 மைலுக்கும் மேற்பட்ட தூரம் சென்று வந்தும், ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. எந்த மக்களோடும் போரிடவுமில்லை.

எஞ்சியது யாது?

ஏரிக்கரை மக்களுக்குத் தந்த வாக்கு நிறைவேறவில்லை. எஸ்கலாந்தே 1780ஆம் ஆண்டிலேயே காலமானார். துறவியர் எவரும் அங்குத் திரும்பிச் செல்லவில்லை. மியேராவின் படமோ நெடுநாள் வாழ்ந்தது. ஆனால் கிரீன் ஆறு கொலராடோவில் கலப்பதை அறியாமல், அது மேற்கே ஓடுவதாக அவர் வரைந்துவிட்டார். பசிபிக் வரை செல்லும் ஒரு பேராறு உண்டென்ற பொய்ந்நம்பிக்கை, 1844ஆம் ஆண்டில் பிரமாண்ட் என்பவர் அவ்வாறு இல்லையெனக் காட்டும் வரை பலரை மயக்கியது.

துறை மட்டும் பயன்பட்டது. 1829ஆம் ஆண்டில் அந்தோனியோ அர்மீஹோ என்னும் வணிகர் கோவேறு கழுதைகளோடு அவ்வழியே கலிபோர்னியா சென்றார். துறவியர் கனவு கண்ட வழி ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு நனவாயிற்று. 'பாதிரிமார் துறை' என்ற பெயரும் நிலைத்தது. 1963ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கிளென் கான்யன் அணையின் கதவுகள் மூடப்பட்டன. பவல் ஏரி எழுந்தது. ஒரு குடம் நீருக்காகப் பயணிகள் ஏங்கிய அந்நாட்டில், அவர்கள் தேடித் தவித்த துறையே ஏரி நீருக்கடியில் மறைந்தது. மக்களுக்கு மின்சாரமும் பாசனமும் வேண்டுமென்பது உண்மையே. எனினும் அணை கட்டுவோர் எவற்றை நீரில் ஆழ்த்துகின்றனர் என்பதையும் கணக்கில் எழுதி வைத்தல் நன்று.

இன்று எஸ்கலாந்தே என்னும் பெயர் ஓர் ஆற்றிற்கும் ஓர் ஊருக்கும் வழங்குகிறது. வழிகாட்டிய ஏரிக்கரை மனிதரின் இயற்பெயரோ நாட்குறிப்பில் இல்லை. பிறர் இட்ட பெயரே எஞ்சியது. பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். புதிய ஊருக்கு வந்த நாளில் தண்ணீர் எங்கே, கடை எங்கே, பள்ளி எங்கே என்று நமக்குச் சொன்னவர் அவ்வூர்க்காரரே. நம் வரலாற்றை நாம் எழுதும்போது, அவர்களை அவர்களுடைய சொந்தப் பெயராலேயே குறித்து வைப்போமாக.