ஒரு விதவையின் 160 ஏக்கர்

அயோவாவிலோ விஸ்கொன்சினிலோ வீடு வாங்கியிருக்கும் நம்மவர்கள், தங்கள் காணியின் முதல் உறுதியை ஒருமுறை தேடிப் பார்க்கலாம். மத்திய அரசின் பழைய நிலப் பதிவேடுகள் இப்போது கணினியிலேயே கிடைக்கின்றன. 1850களில் எழுதப்பட்ட உறுதி என்றால் அதில் இரண்டு பெயர்கள் இருக்கக்கூடும். ஒன்று காணியைப் பெற்றவருடையது. மற்றது ஒரு பெண்ணின் பெயர்: 1812ஆம் ஆண்டுப் போரில் இன்ன கப்டனின் அணியில் சிப்பாயாக இருந்த இன்னாரின் விதவை. பெரும்பாலும் அவள் அந்த மண்ணைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டாள்.

அமெரிக்க அரசிடம் தொடக்கத்தில் காசு இல்லை, நிலம் இருந்தது. அல்லது இருப்பதாக அது சொல்லிக்கொண்டது. 1776இல் பிரித்தானியருக்கு எதிராகப் படை திரட்டியபோதே சாதாரண சிப்பாய்க்கு 100 ஏக்கர், கேணலுக்கு 500 ஏக்கர் என்று வாக்களித்தார்கள். 1850இல் வந்த சட்டம், முந்தைய போர்களில் ஒரு மாதம் சேவை செய்தவருக்கு 40 ஏக்கர், நாலு மாதத்துக்கு 80, ஒன்பது மாதத்துக்கு 160 என்று வகுத்தது. அவர் இறந்திருந்தால் விதவை கேட்கலாம். 1855இல் இன்னும் தளர்த்தி, 14 நாள் சேவையே 160 ஏக்கருக்குப் போதும் என்றார்கள்.

1812 போரில் சாகாமல் வீடு திரும்பிப் பிறகு காலமானவரின் மனைவிக்கு அப்போது ஓய்வூதியம் கிடையாது. அதற்கு 1871 வரை, பலருக்கு 1878 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் 1850இல் அறுபது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவிக்கு இந்தக் காணிச் சீட்டுத்தான் அரசாங்கத்திடமிருந்து வரக்கூடிய ஒரே பொருள்.

ஆனால் கேட்டவுடன் கிடைக்காது. கணவர் படையில் இருந்தார், இறந்துவிட்டார், நான் அவருடைய சட்டபூர்வ மனைவி: மூன்றையும் நிறுவ வேண்டும். படைச்சேவைக்காவது வாஷிங்டனில் பெயர்ப் பட்டியல் இருந்தது. (அதற்கும் முந்தைய தலைமுறை விதவைகளுக்கு அதுவும் இல்லை, 1800 நவம்பரில் போர்த் திணைக்களத்தில் பிடித்த தீ பழைய கோப்புகளைத் தின்றுவிட்டது.) கல்யாணத்துக்கோ பல ஊர்களில் பதிவே இல்லை. கல்யாண வீட்டுக்குப் போன அயலவர்களைத் தேடிப்பிடித்துச் சமாதான நீதவான் முன் சத்தியம் செய்விப்பார்கள். பிறப்பும் இறப்பும் எழுதிவைத்த குடும்ப பைபிளின் பக்கத்தையே கிழித்துத் தபாலில் அனுப்பினவர்களும் உண்டு. அப்படிப் போன பக்கங்கள் திரும்பவில்லை. தேசிய ஆவணக் காப்பகத்தின் ஓய்வூதிய, காணிக் கோப்புகளில் இன்றும் கிடக்கின்றன. எழுதத் தெரியாத பெண்கள் கையொப்பத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி போட்டார்கள். உறுதியையும் மரண அத்தாட்சிப் பத்திரத்தையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிய தாய்மாரை அறிந்த எங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

1855 சட்டத்தில் ஒரு விசித்திரமான வரி. மறுமணம் செய்தவளும் முதல் கணவனின் பேரில் காணி கேட்கலாம். ஆனால் விண்ணப்பிக்கும் நேரத்தில் அவள் விதவையாக இருக்க வேண்டும். அதாவது இரண்டாவது புருஷன் உயிரோடு இருந்தால் காணி இல்லை, அவனும் செத்திருந்தால் உண்டு. ஆணின் நிழல் இல்லாத பெண்ணுக்குத்தான் அரசு இரங்கும் என்ற கணக்கு இதில் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு கையில் வந்தது வெறும் சீட்டு. அதை மேற்கே கொண்டுபோய்க் காணியாக மாற்ற வேண்டும். நியூயோர்க்கின் ஒரு கிராமத்தில் மகள் வீட்டில் ஒண்டியிருக்கும் கிழவி எங்கே போவாள்? 1852இலிருந்து சீட்டைக் கைமாற்றலாம் என்று சட்டம் அனுமதித்தது. அரசு விலை ஏக்கருக்கு ஒன்றேகால் டொலர். சீட்டுகள் அதற்குக் குறைவாகவே விலைபோயின. தரகர்கள் வாங்கிச் சேர்த்து, கையில் காசில்லாத குடியேறிகளுக்குக் கொடுவட்டிக் கடனாகக் கொடுத்தார்கள். 1847 முதல் 1855 வரையான சட்டங்களின் கீழ் 6 கோடி ஏக்கருக்கு மேல் இப்படிப் போனது. அதில் விதவையின் பங்கு கொஞ்சப் பணம்தான். ஒரு குளிர்காலத்துக்குக் காணும்.

அந்த நிலம் யாருடையது என்பதை மறந்துவிட்டு இந்தக் கதையை முடிக்க இயலாது. 1832இல் சோக் தலைவர் பிளாக் ஹோக்குக்கு எதிரான போரில் சில வாரங்கள் தொண்டராக இருந்தவர் ஆபிரகாம் லிங்கன். சண்டையைக் காணவில்லை, நுளம்போடுதான் போராடினேன் என்று பின்னாளில் தானே கேலி செய்தார். அந்தச் சேவைக்கு அவருக்கும் சீட்டுகள் வந்தன: முதலில் 40 ஏக்கர், பிறகு 120. நாற்பதை அயோவாவின் டாமா மாவட்டத்தில் எடுத்தார். 1865இல் அவர் சுடப்பட்டு இறந்தபோதும் அந்தக் காணி அவர் பெயரில்தான் இருந்தது. விதவை மேரிக்கும் பிள்ளைகளுக்கும் போயிற்று.

அதே டாமா மாவட்டத்தில் 1857இல் 80 ஏக்கர் வாங்க ஒரு கூட்டம் வந்தது. சோக் மக்களின் நெருங்கிய உறவினரான மெஸ்க்வாக்கிகள், 1840களில் அயோவாவிலிருந்து கன்சாஸுக்குத் துரத்தப்பட்டவர்கள். அவர்களிடம் சீட்டு இல்லை. தங்கள் பழைய மண்ணுக்கே 1,000 டொலர் கொடுத்தார்கள். தங்கள் பெயரில் எழுத வழியில்லாததால் உறுதி மாநில ஆளுநரின் பொறுப்பில் எழுதப்பட்டது. இன்று அங்கே 8,000 ஏக்கருக்கு மேல் அவர்களுடையது. அதை ‘ஒதுக்கீட்டு நிலம்’ என்று யாராவது சொன்னால் திருத்துவார்கள்: அரசு ஒதுக்கித் தந்ததல்ல, நாங்கள் காசு கொடுத்து வாங்கியது.