பேழையும் காசும்

காணாத நண்பர் ஒருவருக்கு முதன்முதலாகக் கடிதம் எழுதப் புகுவோர் யாவர்க்கும் எழும் வினா ஒன்றுண்டு. "என்னைப் பற்றி எதை எழுதுவது?" என்பதே அது. ஒரு தாளுக்குள் பெயரும் ஊரும் கல்வியும் விருப்பும் அடங்கிவிடல் வேண்டும். பெரியதைச் சிறியதில் அடக்கும் இவ்வேலை நுண்சிற்பியின் வேலைக்கு ஒப்பானது. கையளவு தந்தத்திலே ஓர் அரசவையைக் காட்ட வேண்டியவன், எதைக் கொள்வது, எதை விடுவது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். இவ்விரு கலைகளும் ஒன்றுகூடிய நிகழ்ச்சி ஒன்று இலங்கை வரலாற்றில் உண்டு.

1521ஆம் ஆண்டில் கோட்டை இராச்சியம் மூன்றாகப் பிரிந்தது. கோட்டையில் ஏழாம் புவனேகபாகு ஆண்டான். சீதாவாக்கையில் அவன் தம்பி மாயாதுன்னை பகைவனாய் நின்றான். புவனேகபாகு தன் மகளின் மைந்தனான தர்மபாலனுக்கு அரசுரிமையை உறுதிப்படுத்த விரும்பினான். ஆதலின் 1540களின் தொடக்கத்திலே, தான் ஒருபோதும் கண்டிராத போர்த்துக்கல் மன்னன் மூன்றாம் ஜோனிடம் தூது அனுப்பினான். குழந்தை தர்மபாலனின் பொற்படிமமும் மணிமுடியும் தூதரோடு கடல் கடந்தன. லிஸ்பன் நகரிலே அப்படிமத்துக்கு முடிசூட்டப்பெற்றது.

இத்தூதோடு தொடர்புடையது எனக் கருதப்படும் யானைத்தந்தப் பேழை ஒன்று இன்று ஜேர்மனியின் மூனிச் நகர அரண்மனைக் கருவூலத்தில் உளது. அதன் நீளம் ஒரு முழத்துக்கும் குறைவே. இலங்கையின் ஆண் யானைகளுள்ளும் மிகச் சிலவே தந்தமுடையன. ஆகவே அப்பொருளே அரிய பொருள். அதன்மேல் பொன்னும் மாணிக்கமும் நீலமும் இழைத்துள்ளனர். முகப்பிலே போர்த்துக்கேய மன்னன் இளவரசனுக்கு முடிசூட்டும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. விரலளவு உருவங்களிலே உடையின் மடிப்பையும் அணியின் வரிசையையும் காட்டிய உளியின் திறம் வியக்கத்தக்கது.

ஆயினும் அப்பேழை அயலவனுக்குச் சொன்ன செய்தி யாது? "எங்கள் இளவரசன் உன் கையால் அரசனாகிறான்" என்பதன்றோ! தன்னை அறிமுகஞ் செய்ய வந்த கலை, பிறனுடைய பெருமையையே முகப்பில் நிறுத்திவிட்டது. அதன் பின் பிரான்சிஸ்கன் துறவிகள் கோட்டைக்கு வந்தனர். தன் சமயத்தை விட்டு மாறப் புவனேகபாகு இறுதிவரை இசைந்திலன். அவ்வுறுதி பேழையில் எழுதப்படவில்லை. 1551இல் அவன் போர்த்துக்கேயன் ஒருவனின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானான். 1557இல் தர்மபாலன் ஞானஸ்நானம் பெற்றான். 1580இல் தன் இராச்சியத்தையே போர்த்துக்கல் முடிக்கு உரிமைசாசனம் செய்து கொடுத்தான்.

இனி நம் குடாநாட்டை நோக்குவோம். நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட செப்புக் காசுகளும் நுண்சிற்பங்களே. ஒருபுறம் நிற்கும் மனித உருவம். மறுபுறம் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே 'சேது' என்னுந் தமிழ்ச்சொல். அச்சிலே எழுத்தை இடம் வலமாக மாற்றிச் செதுக்கினாலன்றிக் காசிலே அது நேராக விழாது. நகத்தளவு இடத்திலே தன் மொழி, தன் வழிபாடு, தன் கடல் எல்லை ஆகிய மூன்றையும் அம்மன்னர் குடி சொல்லிவிட்டது. பெரும்பாலும் நெல்லும் உப்பும் வாங்கிய கைகளில் புழங்கிய காசு அது. ஆயினும் எவர் கையில் வீழ்ந்தாலும் தான் யாரென்பதைப் பிறரைக் கேளாது கூறிற்று.

காசு நாட்டைக் காத்ததோ எனின், இல்லை. 1619இல் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயர் வசமாயிற்று. வலியோர் முன் நல்ல அறிமுகம் மட்டும் அரணாகாது. ஆனால் அரசு அழிந்த பின்னும் 'சேது' என்ற சொல் அழியவில்லை. அக்காசுகள் மண்ணிலிருந்து வெளிப்படும்போதெல்லாம், அவற்றை வெளியிட்டோரைப் பற்றி அவர்தம் சொல்லிலேயே நாம் அறிகின்றோம்.

தன்னை மறையாது அயலவரோடு நட்புக்கொள்ளல் இயலுமென்பதற்கு நம்மவருள்ளும் சான்றுண்டு. சேர். பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிரிட்ஜிலே பயின்றபோது எட்வேட் கார்ப்பென்டர் என்னும் ஆங்கில எழுத்தாளரின் நண்பரானார். கார்ப்பென்டர் 1890இல் இலங்கைக்கு வந்தார். அருணாசலம் தம் சைவ ஞானத்தை விளக்கி அவருக்கு எழுதிய கடிதங்கள், அருணாசலம் மறைந்து மூன்றாண்டுகளின் பின், 1927இல் கார்ப்பென்டராலேயே நூலாக்கப்பட்டன. ஆங்கிலத்தில் எழுதினார், ஆனால் எழுதியது தம் பொருளை.

மிஷன் கல்லூரிகளிலே ஆங்கிலக் கடிதம் எழுதப் பழகிய எம்போன்ற இளைஞர்க்கு இது நல்ல பாடம். இன்று மடல் நொடியிலே கடல் கடக்கிறது. எழுத வேண்டியது யாதென்ற வினா மட்டும் மாறவில்லை. பெறுவோர் எதை விரும்புவார் என்று எண்ணி எண்ணி நம்மைச் செதுக்கினால், முடிவில் தாளிலே நிற்பவர் நாமல்லர். பனையும் கிணறும் கோவில் வீதியும் நம் மொழியும் அதிலே இடம்பெறட்டும். அதன்பின் அவர் ஊரையும் அன்போடு கேட்போம். "நான் இன்னான், என் ஊர் இது, உங்கள் ஊர் எத்தகையது?" என்னும் அளவில் தொடங்கும் கடிதத்திலே இருவருக்கும் சரியாசனம் உண்டு.